மானு ரெய்ஸ்: பத்திரிகைக்காரரா, அரசியல் ஆட்டக்காரரா?

வடகடல் எழுதியது:

போன வாரம் வேறொரு இழையில் மானு ரெய்ஸ் என்ற பெயரைப் போகிறபோக்கில் சொல்லிவைத்தேன். யார் அந்த ஆள் என்று மூன்று பேர் தனிமடலில் கேட்டுவிட்டீர்கள். மூன்று தடவை எழுதுவதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பெல்ஜியத்துப் பத்திரிகையாளர், 1924-இல் ஆன்ட்வெர்ப்பில் பிறந்தவர். 1949-இல் 'டெ ஸ்டாண்டார்ட்' என்ற டச்சு மொழி நாளிதழில் சேர்ந்தார். அரசியல் பக்கத்திலேயே வளர்ந்து, 1976 முதல் 1989 வரை லோடே போஸ்டைன் என்பவரோடு சேர்ந்து தலைமை ஆசிரியராக இருந்தார். நாற்பது வருடம், ஒரே பேப்பர். 2017-இல் 93 வயதில் காலமானார். வெறும் வாழ்க்கைக் குறிப்பு என்றால் நாலு வரியில் முடிந்துவிடும்.

விஷயம் அந்தப் பேப்பரின் முகப்பில் இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் எழுத்துகளாலான ஒரு சிலுவை போட்டிருப்பார்கள். ஏ-வி-வி, வி-வி-கே. 'எல்லாம் ஃபிளாண்டர்ஸுக்காக, ஃபிளாண்டர்ஸ் கிறிஸ்துவுக்காக' என்ற டச்சு வாசகத்தின் முதலெழுத்துகள். ஃபிளாண்டர்ஸ் என்பது பெல்ஜியத்தின் வடக்கே டச்சு பேசும் பகுதி. 1914-லேயே பேப்பர் தொடங்குவதாக இருந்து, உலகப் போர் வந்து, கடைசியில் முதல் இதழ் வெளிவந்தது 1918 டிசம்பர் 4-ஆம் தேதி. தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஃபிரான்ஸ் வான் காவலார்ட், கத்தோலிக்க அரசியல்வாதி.

ரெய்ஸ் பழமைவாதி. கோயில், குடும்பம், ஒழுங்கு எல்லாம் வேண்டும் என்கிற ரகம். சாதாரணமாகப் பழமைவாதி என்றால் இருக்கிற அரசைக் காப்பாற்றுகிறவர் என்று நினைப்போம். இவருக்குக் காப்பாற்ற வேண்டியதாகத் தெரிந்தவை மொழியும் மதமும். பெல்ஜியம் என்ற அரசு அப்புறம்தான். அதனால் சிலுவை போட்ட ஒரு பேப்பர், பல வருடம் உட்கார்ந்து, ஒரு ராஜ்ஜியத்தைக் கழற்றி மாட்டுவதற்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது. எனக்கு அவரைப் பிடிக்குமா என்றால் முழுசாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்த முரணுக்காகவே விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன்.

---

குட்டிச்சுவர் எழுதியது:

அண்ணே, அடிப்படைச் சந்தேகம். ஃபிளாண்டர்ஸ்காரர்கள் பேசுவது டச்சா, ஃபிளெமிஷா? அப்புறம் அந்த நாட்டில் அவர்கள்தானே பெரும்பான்மை? பெரும்பான்மைக்கு என்ன குறை?

---

வடகடல் எழுதியது:

எழுத்து மொழி டச்சுதான். பேச்சில் ஊருக்கு ஊர் வாடை மாறும், அதைத்தான் ஃபிளெமிஷ் என்கிறோம்.

பெரும்பான்மைதான், ஆனால் தலை எண்ணிக்கையில் மட்டும். 1830-இல் நாடு பிறந்தபோது கோர்ட்டு, ராணுவம், மேல்படிப்பு, தொழிற்சாலை முதலாளி எல்லாமே பிரெஞ்சு. ஃபிளாண்டர்ஸிலேயே பணக்காரர் வீட்டில் பிரெஞ்சுதான் பேசுவார்கள். டச்சில் பட்டம் வாங்குவதற்கு 1930-இல் கென்ட் பல்கலைக்கழகம் மாறுகிறவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னொன்று சொன்னால் நம்பமாட்டாய். அரசியலமைப்புச் சட்டத்தின் டச்சுப் பிரதிக்குப் பிரெஞ்சுப் பிரதிக்குச் சமமான சட்ட மதிப்பு கிடைத்தது 1967-இல்! அதுவரை டச்சில் இருந்தது வெறும் மொழிபெயர்ப்பு. ரெய்ஸ் வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு வருடம் ஆன பிறகு நடந்தது இது. அவர் கோபம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இது ஒன்றே போதும்.

டச்சுப் பகுதிக்கும் பிரெஞ்சுப் பகுதிக்கும் நடுவில் இருக்கிற கோடு இப்போதும் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? நான் இருப்பது டச்சு ஊரான லேவனில். அங்கிருந்து பிரெஞ்சு ஊரான லியேஜுக்கு ரயிலில் போவதுண்டு. லேவனில் நடைமேடைப் பலகையில் 'லௌக்' என்று போட்டிருக்கும். அதுதான் லியேஜுக்கு டச்சுப் பெயர். வண்டியில் அறிவிப்பும் டச்சில்தான். லாண்டன் ஸ்டேஷன் (இங்கிலாந்து லண்டன் இல்லை, சின்ன ஊர்) தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அதே வண்டியில் அதே நடத்துநர் பிரெஞ்சுக்கு மாறிவிடுவார், 'லௌக்' லியேஜ் ஆகிவிடும். முதல் தடவை நான் தூங்கி எழுந்து, நாடு தாண்டிவிட்டோமோ என்று பதறிப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டேன். வெளியே பார்த்தால் அதே பீட்ரூட் வயல். அந்த மொழி எல்லையைச் சட்டம் போட்டு நிலையாக்கியது 1962-63-இல். ரெய்ஸ் அரசியல் எழுதிய காலத்தின் நடு மையம் அது.

---

பழைய பேப்பர் எழுதியது:

இருபத்தாறு வருடம் டெஸ்கில் உட்கார்ந்தவன் என்ற முறையில் கேட்கிறேன். ஒரே பேப்பரில் நாற்பது வருடம் அரசியல் எழுதுகிறவர் ஏதோ ஒரு கட்டத்தில் செய்தியை எழுதுவதை விட்டுவிட்டுச் செய்தியாகிவிடுவார். நானே பார்த்திருக்கிறேன். மூத்த நிருபர் ஒருவர், பெயர் வேண்டாம், மந்திரி வீட்டிலிருந்து நேராக ஆபீஸுக்கு வருவார். அவர் எழுதித் தருவதில் ஒரு காற்புள்ளியைக்கூட நாங்கள் நகர்த்த முடியாது. மந்திரிக்குப் பிடித்த காற்புள்ளியாக இருக்கலாம் அல்லவா?

வடகடல் சார், உங்கள் ஆள் அந்த ரகமா? 'டெ ஸ்டாண்டார்ட்' கத்தோலிக்கக் கட்சியின் பத்திரிகைதானே?

---

வடகடல் எழுதியது:

சார், அங்கேதான் கதை சூடுபிடிக்கிறது. கட்சிக்குச் சொந்தமான பேப்பர் இல்லை. குஸ்தாஃப் சாப் என்ற அரசியல்வாதியின் குடும்பத்துச் சொத்து. அவருடைய மருமகன் ஆல்பர்ட் டெ ஸ்மாலெதான் ரொம்ப காலம் நடத்தினார். ஆனால் கிறிஸ்தவ மக்கள் கட்சிக்கு, அதாவது சி.வி.பி.-க்கு, நெருக்கம்தான். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரருக்கு எண்பது தாண்டிவிட்டது, வாழ்நாள் சந்தாதாரர். அந்தக் காலத்தில் சி.வி.பி. ஆட்கள் காலையில் எழுந்ததும் ரெய்ஸ் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் தங்கள் கருத்து என்ன என்பதைத் தெரிந்துகொள்வார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். மிகையாக இருக்கலாம். ஆனால் யார் வீட்டுக்கு யார் போனார்கள் என்ற கணக்கில் பார்த்தால், உங்கள் மூத்த நிருபர் கதை இங்கே கொஞ்சம் தலைகீழ்.

இப்போது 1966-க்கு வருவோம். இங்கே இருக்கிற லேவன் பல்கலைக்கழகம் அப்போது கத்தோலிக்கத் திருச்சபையின் கையில் இருந்தது. டச்சுப் பிரதேசத்தில், டச்சு பேசும் ஊரின் நடுவில், பிரெஞ்சுப் பிரிவு ஒன்றும் டச்சுப் பிரிவு ஒன்றும் ஒரே கூரையின் கீழ். பிரெஞ்சுப் பிரிவு வளர வளர, பேராசிரியர்கள் வருவார்கள், அவர்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பள்ளி வேண்டும், கடை வேண்டும், கொஞ்ச காலத்தில் பிரஸ்ஸல்ஸ் மாதிரி இந்த ஊரும் பிரெஞ்சாகிவிடும் என்று ஃபிளாண்டர்ஸ்காரர்களுக்குப் பயம். பிரெஞ்சுப் பிரிவைத் தெற்கே, பிரெஞ்சு பேசும் வலோனியாவுக்குக் கொண்டுபோங்கள் என்று கேட்டார்கள்.

1966 மே 13. கர்தினால் சூனென்ஸ் தலைமையில் ஆயர்கள் ஓர் ஆணை வெளியிட்டார்கள். பல்கலைக்கழகம் ஒன்றாகவே இருக்கும், இடமும் மாறாது, அவ்வளவுதான். விளக்கம் கேட்காதே, கீழ்ப்படி என்கிற தொனி.

முகப்பில் சிலுவை போட்ட பேப்பர் இப்போது என்ன செய்யும்? 'ஃபிளாண்டர்ஸுக்காக' ஒரு பக்கம் இழுக்கிறது, 'கிறிஸ்துவுக்காக' இன்னொரு பக்கம் இழுக்கிறது. இரண்டும் ஒரே சிலுவையில் இருக்கின்றன. 'டெ ஸ்டாண்டார்ட்' ஆயர்கள் பக்கம் நிற்கவில்லை. லேவன் டச்சு ஊர், பிரெஞ்சுப் பிரிவு போகத்தான் வேண்டும் என்பதில் உறுதியாக நின்றது. அன்றைக்கு ஃபிளாண்டர்ஸ் கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து இந்தப் பேப்பரைப் பிரிக்கிறவனை நினைத்துப் பாருங்கள். இறக்குமதி செய்த நாத்திகமோ மார்க்சியமோ அவனிடம் வந்து ஆயர் சொன்னது தப்பு என்று சொல்லவில்லை. அவனுடைய சொந்தப் பேப்பர், கோட்டு-டை போட்ட பேப்பர் சொல்கிறது. அதன் பலமே தனி.

1968 ஜனவரியில் பிரெஞ்சுப் பிரிவு இங்கேயே விரிவடையப் போவதாக அறிவித்ததும் தெருவெல்லாம் மாணவர்கள். 'வலோனியர்களே வெளியே போ' என்ற கோஷம். (அந்தக் கோஷம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரைவிட்டுப் போ என்பதை எந்த மொழியில் சொன்னாலும் கேட்கிறவனுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.) பிப்ரவரி தொடக்கத்தில் புரூஜ் ஆயர் டெ ஸ்மெட், 1966-இல் எடுத்த முடிவு பிழை என்று விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். ஆயர் ஒருவர் மைக் முன்னால் தப்புப் பண்ணிவிட்டேன் என்கிறார்! பிப்ரவரி 7-இல் பிரதமர் வாண்டன் பூய்னான்ட்ஸின் அரசு கவிழ்ந்தது. கிறிஸ்தவக் கட்சியும் மொழி வாரியாக இரண்டாகப் பிரிந்தது.

1970 பிப்ரவரியில் பிரதமர் காஸ்டன் ஐஸ்கென்ஸ் நாடாளுமன்றத்தில் எழுந்து, நாடு முழுவதையும் ஒரே மத்திய அரசு ஆளும் 'ஒற்றை அரசு' என்ற அமைப்பை நிகழ்ச்சிகள் தாண்டிப் போய்விட்டன என்று சொன்னார். அவர் சி.வி.பி., பழமையான மனிதர். அந்த வாக்கியம் அவர் வாய்க்கு வருவதற்குள் எத்தனை நூறு தலையங்கம் வேண்டியிருந்தது என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

---

குட்டிச்சுவர் எழுதியது:

சரி, பல்கலைக்கழகத்தைப் பிரித்தார்கள். நூலகத்தை என்ன செய்தார்கள்?

---

வடகடல் எழுதியது:

கேட்பாய் என்று தெரியும். அலமாரி எண்ணை வைத்துப் பிரித்தார்கள். ஒற்றைப்படை என்றால் லேவனில் இருக்கும். இரட்டைப்படை என்றால் தெற்கே வயல்வெளியில் புதிதாகக் கட்டிய லூவேன்-லா-நேவ் ஊருக்குப் போகும். 'புது லூவேன்' என்று அர்த்தம், லூவேன் என்பது லேவனின் பிரெஞ்சுப் பெயர்.

---

குட்டிச்சுவர் எழுதியது:

1914-இல் ஒருமுறை, 1940-இல் ஒருமுறை என்று ஜெர்மன்காரன் இரண்டு தடவை எரித்த நூலகம் அண்ணே அது. அவனுக்குக்கூட ஒற்றைப்படை மட்டும் எரிக்கலாம் என்று தோன்றவில்லை.

---

செங்காந்தள் எழுதியது:

நல்ல இழை, தோழர். ஆனால் அரைக் கதைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. தன் மொழிக்கு நியாயம் கேட்டவர்கள், பெல்ஜியத்தின் காலனியாக இருந்த காங்கோவில் என்ன நியாயம் செய்தார்கள்?

1960 ஜூன் 30. சுதந்திர விழாவில் மன்னர் போதுவான் எழுந்து, லியோபோல்ட் II-இன் மேதைமையைப் புகழ்கிறார். ரப்பருக்காகக் கைகளை வெட்டிய ஆட்சியின் மன்னர் அவர். நிகழ்ச்சி நிரலில் இல்லாத லுமும்பா, காங்கோவின் முதல் பிரதமர், எழுந்து, நாங்கள் அடிபட்டதும் அவமானப்பட்டதும் மறந்துபோகாது என்று பேசினார். ஜூலை முதல் வாரத்திலேயே ராணுவக் கலகம். 11-ஆம் தேதி கட்டாங்கா மாகாணம் பிரிந்துபோவதாக அறிவிப்பு. 1961 ஜனவரி 17-இல் லுமும்பாவை அங்கே கொண்டுபோய்ச் சுட்டார்கள். உடலை அமிலத்தில் கரைத்த பெல்ஜியப் போலீஸ் அதிகாரி பல்லை எடுத்து வைத்துக்கொண்டார். அந்தப் பல் குடும்பத்துக்குத் திரும்பி வந்தது 2022 ஜூனில்.

உங்கள் ரெய்ஸ் இதைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார். தலைப்பு 'லுமும்பா ஏன் சாக வேண்டியிருந்தது'. வேண்டியிருந்ததா? யாருக்கு வேண்டியிருந்தது?

---

வடகடல் எழுதியது:

நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன்.

புத்தகம் வந்தது 2000-இல். அதற்கு முந்தின வருடம் லூடோ டெ விட்டே என்ற ஆய்வாளர், கொலையில் பெல்ஜிய அரசுக்கு இருந்த பங்கை ஆவணங்களோடு வெளியிட்டு நாட்டையே உலுக்கியிருந்தார். பிறகு நாடாளுமன்ற விசாரணைக் குழு அமைந்தது. பெல்ஜியத்துக்கு 'தார்மிகப் பொறுப்பு' உண்டு என்று 2001-இல் அது சொன்னது. 2002-இல் வெளியுறவு அமைச்சர் லூயி மிஷெல் மன்னிப்புக் கேட்டார்.

தலைப்பில் இருக்கும் டச்சு வினைச்சொல் நம் 'வேண்டியிருந்தது' மாதிரியே வழுக்கும். விதி அப்படி என்றும் படிக்கலாம், சிலருக்குத் தேவைப்பட்டது என்றும் படிக்கலாம். நாற்பது வருடம் தலைப்புப் போட்டுப் பழகினவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. அந்த வழுக்கலை அவர் விட்டுவைத்ததுதான் எனக்கும் உறுத்துகிறது.

ஒரு விஷயம் மட்டும். காங்கோவிலும் நிர்வாக மொழி பிரெஞ்சுதான். ஃபிளாண்டர்ஸிலிருந்து போன பாதிரியார்களும் சின்ன அதிகாரிகளும் எக்கச்சக்கம். ஊரில் இரண்டாம் தரம் என்று புலம்பியவன் அங்கே போய் முதல் தரமாக உட்கார்ந்தான். இதை அந்தத் தலைமுறை நேருக்கு நேர் பார்த்ததா என்றால், பெரும்பாலும் இல்லை.

---

ஆரணிக்காரி எழுதியது:

எனக்கு ஒன்று தெளிவாக வேண்டும். ஃபிளாண்டர்ஸ் வலதுசாரி என்றாலே எனக்கு அந்த வந்தேறி எதிர்ப்புக் கட்சிதான் ஞாபகம் வருகிறது. இவர் அந்தக் கூட்டமா?

---

வடகடல் எழுதியது:

இல்லை அக்கா. நீங்கள் சொல்கிற ஃபிளாம்ஸ் பிளாக் கட்சி பிறந்ததே வேறு கோபத்தில். 1977-இல் எக்மாண்ட் ஒப்பந்தம் என்று ஒன்று போட்டார்கள். பிரஸ்ஸல்ஸைச் சுற்றிப் பிரெஞ்சுக்காரர்களுக்கு ரொம்ப விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று தேசியவாதிகளில் ஒரு பகுதி பிய்த்துக்கொண்டு போனது. அதிலிருந்து வந்தது அந்தக் கட்சி. ஒப்பந்தமும் நிலைக்கவில்லை. 1978 அக்டோபரில் பிரதமர் டிண்டமன்ஸ் நாடாளுமன்ற மேடையில் நின்றபடியே ராஜினாமா செய்துவிட்டு நேராக மன்னரிடம் போனார். ரெய்ஸ் ரகம் சி.வி.பி. ரகம். சத்தம் போடாது, ஆனால் விடவும் விடாது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஃபிளாண்டர்ஸ் பத்திரிகைக்காரர் பெயர் வேண்டும் என்றால் மார்க் கிராமன்ஸ். 1933-இல் பிறந்தவர், அவரும் 2017-லேயே போனார். 1964-இல் 'டெ நியூவே' என்ற வார இதழ் தொடங்கினார். இளமையில் இடது பக்கம் சாய்ந்தவர், வயதாக ஆக வலப்பக்கம் வந்தார். 1988-இல் இருந்து 'ஜூர்னால்' என்று தனி ஆளாக ஒரு சின்னப் பத்திரிகை, முழுக்க அவரே எழுதுவது. ரெய்ஸுக்குப் பின்னால் ஒரு கட்டடமே இருந்தது. கிராமன்ஸுக்கு ஒரு மேஜை. யார் எழுத்து அதிகச் சுதந்திரம் என்றால் மேஜைக்குத்தான் என் ஓட்டு. யார் எழுத்து நாட்டை அசைத்தது என்றால் கட்டடம்.

---

குட்டிச்சுவர் எழுதியது:

எல்லா ஊரிலும் இப்படித்தான். எங்கள் தெருவில்கூட டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தர்

---

மட்டுறுத்துநர் எழுதியது:

குட்டிச்சுவர், தெருக்கதைக்குத் தனி இழை இருக்கிறது. மீதியை வெட்டிவிட்டேன். அங்கே போய் முடியுங்கள்.

---

பழைய பேப்பர் எழுதியது:

1976-இல் தலைமை ஆசிரியர் ஆனார் என்றீர்கள். அந்த வருடம்தானே அந்தப் பேப்பர் திவாலானது?

---

வடகடல் எழுதியது:

ஆமாம் சார், அதே வருடம். குழுமமே திவால். ஆன்ட்வெர்ப் தொழிலதிபர் ஆந்த்ரே லேய்சன் முன்வந்து புதிய கம்பெனி தொடங்கி, 'டெ ஸ்டாண்டார்ட்'டையும் அதன் சகோதரப் பேப்பர் 'ஹெட் நியூஸ்பிளாட்'டையும் எடுத்து நடத்தினார். ரெய்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தது அந்தக் கலவரத்துக்கு நடுவில்தான்.

---

பழைய பேப்பர் எழுதியது:

அப்படியென்றால் அவர்மேல் எனக்கு மரியாதை கொஞ்சம் ஏறுகிறது. நான் வேலை பார்த்த ஒரு பேப்பர் மூடிய ராத்திரி எனக்கு ஞாபகம் இருக்கிறது. மூன்று மாதச் சம்பளம் பாக்கி. கேன்டீனில் கடன் நிறுத்திவிட்டார்கள். அப்படியும் இரண்டாம் பக்கத்தில் ஒரு ஊர்ப்பெயர் தப்பாக இருக்கிறது என்று ஃபோர்மேன் பிளேட்டை நிறுத்தித் திருத்தினார். அடுத்த நாள் பேப்பரே கிடையாது, திருத்தி என்ன செய்யப் போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. புது முதலாளி வருவானா, நாளைக்கு நம் இடம் இருக்குமா என்று தெரியாமல் ஆபீஸில் உட்கார்ந்திருப்பது என்ன என்று உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். அந்த நிலைமையில் ஆசிரியர் குழுவைச் சிதறாமல் பிடித்து வைப்பது அரசியல் எழுதுவதைவிடக் கஷ்டம்.

ஆனாலும் என் முதல் கேள்வி நிற்கிறது. பத்திரிகைக்காரரா, ஆட்டக்காரரா?

---

வடகடல் எழுதியது:

இரண்டும்தான், சார். அவரே அதை மறைத்ததாக எனக்குத் தெரியவில்லை. 1972-இல் ஃபிளாண்டர்ஸ் மக்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தின் துணைத் தலைப்பு, 'நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு மக்கள், உருவாகிக்கொண்டிருக்கும் ஒரு தேசம்'. ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறவன் வைக்கிற தலைப்பா அது? ஒரு தரப்புக்காரர், தரப்பை முகப்பிலேயே அச்சடித்துக்கொண்டு எழுதினார். தரப்பே இல்லை என்று சொல்லிக்கொண்டு காற்புள்ளி நகர்த்துகிறவர்களைவிட இது எனக்குத் தேவலை. செங்காந்தள் சொன்ன காங்கோ கணக்கு மட்டும் அதில் தீராமல் நிற்கிறது.

---

செங்காந்தள் எழுதியது:

தீராது தோழர். அதை நீங்களே எழுதியதால் இத்தோடு விடுகிறேன். அந்தச் சிலுவை இன்னும் முகப்பில் இருக்கிறதா?

---

வடகடல் எழுதியது:

இல்லை. 1999 செப்டம்பர் 30-இல் எடுத்துவிட்டார்கள். ரெய்ஸ் ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியிருந்தது. அதன் பிறகும் பதினெட்டு வருடம் இருந்தார். சிலுவையைப் பார்க்க வேண்டும் என்றால் டிக்ஸ்மைடில் முதல் உலகப் போர் நினைவாகக் கட்டிய ஐசர் கோபுரத்துக்குப் போங்கள். 84 மீட்டர் உயரம், உச்சியில் அதே எழுத்துகள். போன வசந்தத்தில் போயிருந்தேன். காற்று ஆளைத் தூக்கியது, தொப்பி பறந்து ஆற்றுப் பக்கம் போய்விட்டது.

---

பழைய பேப்பர் எழுதியது:

உங்கள் வீட்டுச் சொந்தக்காரர் என்ன செய்தார்? சிலுவை போனதும் சந்தாவை நிறுத்தினாரா?

---

வடகடல் எழுதியது:

நிறுத்தினாராம், ஒரு வாரம். கோபமாகக் கடிதமும் போட்டாராம். அப்புறம் குறுக்கெழுத்துப் போட்டி இல்லாமல் காலையில் காப்பி இறங்கவில்லை என்று அவர் மனைவியே போன் செய்து மறுபடி சேர்த்துவிட்டார்.